கொக்காமையும் வாத்துள்ளம்பன்றியும்: குழந்தைகளுக்கான நகைச்சுவைப் படப்பாடல்களும் மொழிபெயர்ப்பும்

1. படமும் பாட்டும்

குழந்தைகளுக்கான நகைச்சுவைப் படப்பாடலில் படம் பாட்டுக்கு அணியன்று. அது பாட்டின் மறுபாதி. எட்வர்டு லியர் 1846இல் வெளியிட்ட நகைச்சுவைப் பாடல் நூலில் பாடல்களும் கோட்டோவியங்களும் ஒருவர் கைப்படவே அமைந்தன. இந்தியாவில் இவ்வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு வங்காளத்துச் சுகுமார் ராய் (1887-1923). இவர் இங்கிலாந்து சென்று அச்சுக்கலையும் பட அச்சு நுட்பமும் பயின்றவர். தந்தை உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழில் தம் பாடல்களைத் தாமே வரைந்த படங்களோடு வெளியிட்டார். ‘ஆபோல் தாபோல்’ என்னும் தொகுப்பு, அவர் மறைந்த சில நாள்களிலேயே, 1923 செப்டம்பரில் வெளிவந்தது. நூற்பெயரே ஓர் இரட்டைச் சொல். தமிழில் ‘தத்துப்பித்து’ என்பது அதற்கு நெருங்கி நிற்கும்.

இத்தகைய பாடலை மொழிபெயர்ப்பவர் முன் ஒரு சிக்கல் எழுகிறது. சொல்லை மாற்றலாம், படத்தை மாற்ற இயலாது. இவ்வரம்புக்குள் குழந்தையின் சிரிப்பைக் காப்பது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

2. சிரிப்பின் அடிப்படை

ருசிய எழுத்தாளர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்னும் நூலில், குழந்தைகள் தலைகீழ்க் கற்பனைகளை விரும்பும் காரணத்தை விளக்கியுள்ளார். உலகின் இயல்பான ஒழுங்கை அறிந்துகொண்ட குழந்தைக்கே அதன் மீறல் வேடிக்கையாகிறது. தான் அறிந்ததில் உறுதி பெற்றதன் மகிழ்ச்சியே அச்சிரிப்பு. வாத்தையும் முள்ளம்பன்றியையும் தனித்தனியே அறியாத குழந்தைக்கு, இரண்டும் கலந்த விலங்கு வேடிக்கையாகத் தோன்றாது. மற்றுமொரு விலங்காகவே தோன்றும்.

இது மொழிக்கும் பொருந்தும். சொல் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்பதை உணரத் தொடங்கிய குழந்தையே சொற்கலப்பைக் கேட்டுச் சிரிக்கும். ஆகவே நகைச்சுவைப் பாடல் மொழியறிவைக் குலைக்கும் என்னும் அச்சத்திற்கு இடமில்லை.

3. வங்காளச் சொற்கலப்பு

சுகுமார் ராயின் ‘கிச்சுரி’ என்னும் பாடலில் விலங்குகள் இணைந்து புதிய உருப்பெறுகின்றன. ஹாஸ் (வாத்து), சஜாரு (முள்ளம்பன்றி) என்பவை ‘ஹாஸ்ஜாரு’ ஆகின்றன. பக் (கொக்கு), கச்சப் (ஆமை) என்பவை ‘பகச்சப்’ ஆகின்றன. ஹாத்தி (யானை), திமி (திமிங்கிலம்) என்பவை ‘ஹாத்திமி’ ஆகின்றன. மூன்றிலும் முதற்சொல்லின் இறுதி எழுத்தே அடுத்த சொல்லின் முதலெழுத்தாகவும் நிற்கிறது. அவ்வெழுத்தே இரு உடல்களையும் பிணைக்கும் மூட்டு. காதில் விழும் இம்மூட்டைப் படம் கண்ணுக்குக் காட்டுகிறது.

4. தமிழில் எழும் தடையும் வழியும்

இம்முறையைத் தமிழில் அப்படியே பின்பற்றுவது அரிது. தமிழில் மொழிமுதலாகும் மெய்கள் சிலவே. முதலை, குதிரை, தவளை, பூனை, கிளி, கரடி, கோழி ஆகியவற்றின் ஈற்றெழுத்துகளான லை, ரை, ளை, னை, ளி, டி, ழி என்பவற்றில் எதுவும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. கு, பு, மை, வி போன்ற எழுத்துகளில் முடியும் பெயர்களே இதற்கு இடந்தருகின்றன: பாம்பு, புலி இணைந்து ‘பாம்புலி’, கொக்கு, குதிரை இணைந்து ‘கொக்குதிரை’, எருமை, மைனா இணைந்து ‘எருமைனா’, குருவி, விலாங்கு இணைந்து ‘குருவிலாங்கு’. இவை புதுப் பாடல்களுக்கு உதவும். ஆனால் மூலப் படத்தில் உள்ள விலங்குகள் வேறு.

படத்தை விடாமல் மொழிபெயர்க்க வேண்டுமாயின், மூட்டை எழுத்திலிருந்து உயிரொலிக்கு மாற்றுதல் வேண்டும். கொக்கும் ஆமையும் புணர்ச்சி விதிப்படியே ‘கொக்காமை’ ஆகின்றன. வாத்தும் முள்ளம்பன்றியும் உகரத்தைப் பகிர்ந்து ‘வாத்துள்ளம்பன்றி’ ஆகலாம். இதனுள் ‘துள்ளு’ என்னும் வினை தானே ஒலிப்பது தமிழுக்குக் கிடைத்த ஊதியம். யானைக்கும் திமிங்கிலத்திற்கும் பொது ஒலி இல்லை. எனினும், பேச்சு வழக்கிலுள்ள ‘ஆனை’யைக் கொண்டு வரிசையை மாற்றினால் ‘திமிங்கிலானை’ பிறக்கும். இவ்வரிசை மாற்றம் ஏற்குமா என்பதைப் படத்தில் முற்பாதி எவ்விலங்கு என்று கண்ட பிறகே முடிவு செய்தல் வேண்டும்.

தமிழ் தன் இயல்பால் தரும் வாய்ப்புகளும் உண்டு. முயலும் ஆமையும் சேர்ந்தால் ‘முயலாமை’. குழந்தை அதில் ஓடுடைய முயலைக் காண்கிறது. பெரியவர் முயற்சியின்மையைக் கேட்கிறார். இவ்வாறு வளர்ந்தோரும் உடன் சிரிக்கும் இடங்களே உரக்கப் படிக்கும் பழக்கத்தை வீட்டில் நிலைநிறுத்துபவை.

5. அறிமுகப்படுத்தும் முறை

முதலில் படத்தை மறைத்து, பாடலை ஓசை நயத்தோடு உரக்கப் படித்தல் நன்று. விலங்கின் தோற்றத்தைக் குழந்தையே ஊகித்த பின் படத்தைக் காட்டினால், ஊகமும் ஓவியமும் மோதும் இடத்தில் சிரிப்பு எழும். அடுத்து, தான் அறிந்த இரு விலங்குகளை இணைத்துப் பெயரிட்டு வரையுமாறு குழந்தையைத் தூண்டலாம். “இதன் பொருள் என்ன?” என்னும் வினாவைத் தவிர்த்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் செய்யும் பிழையும் இதுவே. புரியாமற் போகுமோ என்று அஞ்சி ‘வாத்தும் முள்ளம்பன்றியும் கலந்த விலங்கு’ என விரித்தெழுதினாலும், இறுதியில் ஓர் அறிவுரையைச் சேர்த்தாலும், பாடல் பாடமாகிவிடுகிறது. மொழி என்பது கட்டளைக்கும் விடைக்கும் மட்டுமன்றி விளையாட்டுக்கும் உரியது என்பதைக் குழந்தை முதன்முதல் உணரும் இடம் இத்தகைய பாடல். மூட்டு இருக்கும் இடத்தைக் குழந்தையே கண்டுபிடிக்க விட்டுவைப்பதே நல்ல மொழிபெயர்ப்பாகும்.