உங்களுக்குத் தெரியுமா? வுச்சீரியாவின் கல் காயும்போது…

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரத்தில் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கிறீர்கள். "வுச்சீரியாவின் கற்கள் காயும்போது தருகிறேன்" என்று பதில் வந்தால், பணம் வராது என்று பொருள்.

வுச்சீரியா அந்நகரின் பழம்பெரும் சந்தை. மீன் தட்டுகளிலிருந்து உருகி வழியும் ஐஸ், கடைக்காரர்கள் வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் தண்ணீர், தலைக்கு மேல் வெயிலை மறைக்கும் துணிப்பந்தல் என எல்லாம் சேர்ந்து, அதன் கல் பாவிய தரையை எப்போதும் பளபளவென்று ஈரமாகவே வைத்திருந்தன. 'ஒருநாளும் நடக்காது' என்பதைச் சொல்ல ஊர் மக்களுக்கு அந்த ஈரமே போதுமானதாக இருந்தது. பாவுகல்லுக்கு அவர்கள் சொல்லும் 'பலாத்தா' என்ற சொல், அரபியர் சிசிலியை ஆண்ட காலத்தின் எச்சம்.

இறைச்சிக்கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது வுச்சீரியா என்ற பெயர். வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவும் கூவலில், அந்தப் பெயருக்குச் சிசிலிய மொழியில் 'கூச்சல், அமளி' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ஒரு சந்தை தன் பேரிரைச்சலையே மொழிக்குக் கொடுத்திருப்பது எவ்வளவு அழகு!

ரெனாத்தோ குத்தூசோ 1974இல் தீட்டிய 'வுச்சீரியா' ஓவியத்தில் அந்த நெரிசலை இன்றும் காணலாம். சந்தையோ சுருங்கிவிட்டது. மீன்கடைகள் குறைந்து, இரவு நேர மதுக்கடைகள் பெருகிவிட்டன. ஒருநாளும் காயாது என்றிருந்த கற்கள், இப்போது பகலில் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கின்றன.