தொய்வுக்காரரும் சைக்கிளும்

"தொய்வு உள்ளவன் சைக்கிள் உழக்கக் கூடாது" என்றொரு பேச்சு எம்மவரிடையே உண்டு. சைக்கிளை விட்டால் வேறு என்ன வழி என்பதை அப்படிச் சொல்பவர்கள் சொல்வதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கூலிவேலைக்கும் குத்தகைத் தோட்டத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிளே காலாக இருந்தது. 2009இன் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, அவற்றைத் துப்புரவாக்கப் போனவர்களிற் பலரும் சைக்கிளில்தான் போனார்கள்.

அப்படிப் போய்வந்த ஒரு தகப்பனாரை நாம் சந்தித்தோம். நான்கு பரப்புக் காணி. இருக்கும் இடத்திலிருந்து ஐந்து கட்டைத் தூரம். இரண்டு கிழமைக்குள் நெஞ்சு இறுகி, இரவில் இருமல் கூடி, படுக்க முடியாமற் போய்விட்டது. காணியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று எம்மிடம் கேட்டார். அவருடன் கிளினிக்குக்குப் போய் நாம் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

தொய்வு, அதாவது ஆஸ்துமா, உள்ளவரின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எப்போதும் சிறிது வீங்கியே இருக்கும். வேகமாக உழக்கும்போது நாம் வாயால் மூச்சு வாங்குகிறோம். மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியையும் வடித்துத் தரும். வாய் அதைச் செய்யாது. வரண்ட காற்று நேரே உள்ளே போக, குழாய்கள் சுருங்குகின்றன. சைக்கிளை நிறுத்திய பிறகு, ஐந்து பத்து நிமிடத்தில்தான் பலருக்கு இழுப்புத் தொடங்கும். "உழக்கும்போது ஒன்றுமில்லை, இறங்கியபின்தான் வந்தது" என்று அவர் சொன்னதன் காரணம் இதுவே.

ஆகவே முதற் பத்து நிமிடமும் மெதுவாக, மூக்கால் மூச்சுவிட்டு உழக்க வேண்டும். இப்படி உடலைச் சூடாக்கிக்கொண்டால், பலருக்கு அடுத்த ஓரிரு மணித்தியாலம் குழாய்கள் இலகுவிற் சுருங்குவதில்லை. இறங்குவதற்கு முன்னும் வேகத்தைக் குறையுங்கள். மார்கழி, தைப் பனியில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது. சோளகம் வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் மல்லுக்கட்டாமல் இறங்கி உருட்டுங்கள். அதில் வெட்கமில்லை. டிப்பர் ஒன்று செம்பாட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனால், புழுதி அடங்கும்வரை ஓரமாக நில்லுங்கள்.

மருந்து பற்றித்தான் எம்மவரிடம் குழப்பம் அதிகம். எங்கள் ஊரில் சைக்கிளுக்கும் பம், தொய்வுக்கும் பம்! தொய்வுக்கு இரண்டு வகைப் பம் உண்டு. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சல்பியூட்டமோல் பம் இழுப்பை உடனே தணிக்கும்; வைத்தியர் சொன்னால், உழக்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவும் எடுக்கலாம். ஆனால் அது வீக்கத்தை ஆற்றாது. அதற்குரியது பெக்குளோமெத்தசோன் போன்ற தடுப்பு மருந்து. பலன் தெரியச் சில கிழமை ஆகும் என்பதால் பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். எமது தகப்பனாரும் அப்படித்தான் விட்டிருந்தார். நீலப் பம்மை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்பதால், பெரியவர்களுக்கு அதை மட்டும் கொடுக்க வேண்டாமென 2019 முதல் சர்வதேச வழிகாட்டல்களும் கூறுகின்றன. தடுப்பு மருந்தை எடுத்ததும் வாயைக் கொப்பளியுங்கள்.

பம்மை நேரே வாயில் அடித்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில், சூடாக்கிய கம்பியால் பம்மின் வாயளவுக்குத் துளையிட்டு, பம்மைப் பொருத்தி, இடைவெளியைப் பசையால் அடைக்க வேண்டும். போத்தலின் வாய் நோயாளியின் வாய்க்கு. தென்னாபிரிக்காவில் குழந்தைகளிடம் செய்து 1999இல் வெளியான ஆய்வில், இப்படி அடைத்த போத்தல் கடையில் விற்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது.

இனிக் காணிக்கு வருவோம். அவரின் காணி நிறையப் பார்த்தீனியம். 1987இல் வந்த இந்தியப் படையோடு வந்த செடி என்று எங்கள் மக்கள் சொல்வார்கள். அதன் பூந்தூள் தும்மலையும் தோற்கடியையும் தொய்வையும் கிளப்பக்கூடியது. தொய்வுக்காரர் அதைப் பிடுங்கப் போகாமல், வீட்டில் வேறொருவர் கையுறையும் நீளக்கைச் சட்டையும் அணிந்து, பூக்கமுன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவதே சரி. பூத்த செடியை எரிக்கப்போய்ப் புகைக்குள் நிற்க வேண்டாம். வீடு திரும்பியதும் உடுப்பை மாற்றிக் குளியுங்கள்.

வழியில் இழுப்பு வந்தால் படுக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, போத்தல் வழியாக நீலப் பம்மை ஒவ்வொன்றாக நான்கு முறை எடுத்து, நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் நான்கு. அப்போதும் குறையாவிட்டால், அல்லது ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமலோ உதடு நீலம்பாரித்தோ இருந்தால், உடனே 1990க்கு அழையுங்கள். வடக்கில் 2018 முதல் இந்த அம்புலன்ஸ் சேவை இலவசமாக நடக்கிறது. அது வரும்வரை பம்மை நிறுத்த வேண்டாம்.

அந்தத் தகப்பனார் காணியைக் கொடுக்கவில்லை. மண்வெட்டியையும் தண்ணீர்க் கானையும் காணிக்கு அயல்வீட்டில் விட்டுவிட்டு, வெறும் கரியரோடு வழமையிலும் கால்மணி நேரம் முந்திப் புறப்படுகிறார். பூண்டு பிடுங்குவது மூத்த மகனின் வேலை.