உறையிட்ட கயிறு: விற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கயிறு என்றால் நமக்கு எடை போட்டு விற்கும் சரக்கு. தேங்காய்நார்க் கயிறானாலும், நைலான் கயிறானாலும் தராசில் வைத்து, கிலோ இத்தனை ரூபாய் என்று பில் போடுகிறோம். வாங்குகிறவரும் கையில் எடுத்துத் திருகிப் பார்த்து, புரியைப் பிரித்துப் பார்த்துத் தரத்தை மதிப்பிட்டுவிடுகிறார். சரக்கு முழுவதும் கண் முன்னால் இருக்கிறது.

பாதுகாப்புச் சாதனக் கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கும் ஒரு கயிறு மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. மேலே வழவழப்பான வண்ணப் பின்னல். வலிமையோ உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஜெர்மன் மொழியில் 'கெர்ன்' என்றால் உள்ளீடு, 'மான்டெல்' என்றால் மேலங்கி. இரண்டும் சேர்ந்து 'கெர்ன்மான்டில்' ஆயிற்று. நாம் உறையிட்ட கயிறு என்று சொல்லிக்கொள்வோம். மலையேறுபவர், மீட்புப் படையினர், உயரமான கட்டடங்களில் தொங்கி வேலை செய்பவர் ஆகியோரின் உயிர் இதை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே விற்கிற நாம் இதன் உள்விவரம் அறிந்திருப்பது அவசியம்.

கயிற்றைத் தேர்ந்தெடுப்பதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் உள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தை 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட 7 பேர் முதன்முதலாக எட்டினார்கள். இறங்கும் வழியில் ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து 4 பேர் பள்ளத்தில் விழுந்து மாண்டனர். அவர்களிடம் மூன்று வகைக் கயிறுகள் இருந்தன. அறுந்தது அவற்றுள் மெலிந்தது. நல்ல கயிறு கைவசம் இருந்தும் அந்த இடத்தில் கட்டப்பட்டது அதுவல்ல. அறுந்த துண்டு இன்றும் ஜெர்மாட் ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் எல்லாம் நார்க் கயிறுகள்தான். மணிலா நாரும் சணல் வகைகளும் நனைந்தால் விறைக்கும், உள்ளுக்குள் மக்கும். 1935இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூன்று புரி முறுக்கிய நைலான் கயிறு மலையேறுபவர்களிடம் பரவியது. வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் தொங்குபவரைப் பம்பரமாகச் சுழற்றும்; அடிக்கடி சிக்கிக்கொள்ளும். இன்னொரு குறை இவற்றைவிடப் பெரியது. முறுக்குக் கயிற்றில் ஒவ்வொரு புரியும் மாறி மாறி மேலே வரும். எனவே பாறை எங்கே உரசினாலும் பளுவைத் தாங்கும் இழையே தேயும்.

தெற்கு ஜெர்மனியில் இஸ்னி என்ற சிற்றூரில் 1863 முதல் பின்னல் தொழில் செய்துவரும் எடல்ரிட் நிறுவனம், 1953இல் இதற்கு ஒரு வழி கண்டது. தாங்கும் வேலையை ஒன்றிடமும், தேயும் வேலையை இன்னொன்றிடமும் கொடுத்துவிட்டது. உள்ளே நைலான் இழைக் கொத்துகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பளுவின் பெரும்பகுதி அவற்றின் மேல்தான். வெளியே இயந்திரத்தில் நெருக்கமாகப் பின்னிய உறை, உரசலையும் அழுக்கையும் வெயிலையும் தான் வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் புரிகளில் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் முறுக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் சுழற்சியை மற்றொன்று அடக்கிவிடும், தொங்குபவர் சுற்றமாட்டார். வெளிப்பார்வைக்கு எளிய யோசனை. உலகம் முழுவதும் மலையேற்றக் கயிற்று வியாபாரம் இதற்கு மாறிவிட்டது.

இனி நம் கல்லாவுக்கு நேராக வரும் விஷயம். இந்தக் கயிற்றில் இரண்டு இனங்கள் உண்டு. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும்.

ஒன்று நீளும் கயிறு, டைனமிக் என்பார்கள். மலையேறுபவர் தவறி விழும்போது ரப்பர் போல நீண்டு, வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவது இதன் வேலை. லாரிக்குப் பட்டை ஸ்பிரிங் எப்படியோ அப்படி. நைலான் இழையைச் சூடேற்றிச் சுருங்கவைப்பதால் இந்த நீளும் குணம் கூடுகிறது. அதிர்ச்சியைத் தீர்மானிப்பது விழும் உயரம் மட்டும் அல்ல. அந்த உயரத்துக்கும், இடையில் உள்ள கயிற்றின் நீளத்துக்கும் உள்ள விகிதம். 5 மீட்டர் கயிற்றில் 10 மீட்டர் விழுந்தால் விகிதம் 2. அதற்குமேல் மோசம் கிடையாது. அதே 10 மீட்டர் விழுகை 40 மீட்டர் கயிற்றில் நேர்ந்தால் விகிதம் கால்தான். கயிறு நீளமாக இருந்தால் அது இழுபட இடம் உண்டு அல்லவா?

1932இல் தொடங்கிய சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பும், இ.என். 892 என்ற ஐரோப்பியத் தரமும் இதற்குச் சோதனை வகுத்திருக்கின்றன. ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்துவது என்றால், 80 கிலோ எடையைக் கடுமையான விகிதத்தில் விழவைத்துக் குறைந்தது 5 முறை அறாமல் தாங்க வேண்டும். முதல் விழுகையில் ஏற்படும் இழுப்பு 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது; அதாவது சுமார் 1,200 கிலோ எடைக்குச் சமம். அறாமல் இருந்தால் மட்டும் போதாது, ஆளின் இடுப்பையும் முதுகெலும்பையும் காப்பாற்ற வேண்டும் என்பது இதன் கருத்து.

மற்றொன்று அதிகம் நீளாத கயிறு. ஸ்டாட்டிக் என்று கேட்பார்கள். கயிற்றைப் பிடித்து ஏறவும் இறங்கவும், காயம்பட்டவரைத் தூக்கவும், கட்டடத்தின் வெளிச்சுவரில் தொங்கி வேலை செய்யவும் இதுதான் வேண்டும். நீளும் கயிற்றில் தொங்கினால் ஆள் ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடுவார். சுவர் விளிம்பில் கயிறு ரம்பம் போல உரசும். இ.என். 1891 தரத்தில் 'ஏ' வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்க வேண்டும்.

"எது அதிகப் பளு தாங்கும், அதைக் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிச் சரக்கைக் கட்டிக் கொடுத்துவிடக் கூடாது. மலையேறப் போகிறவருக்கு நீளாத கயிற்றைக் கொடுத்தால், கயிறு அறாது. விழுந்த ஆளின் எலும்பு முறியும். "எந்த வேலைக்கு?" என்று முதலில் கேட்பதே இந்தச் சரக்கில் வியாபாரம்.

மூன்றாவது ஒரு பங்காளியும் உண்டு. கூடாரம் கட்டவும் பாரம் இறுக்கவும் வரும் பாலிபுரொப்பிலீன் பின்னல் கயிறு. இதுவும் வண்ணமாக, வழவழப்பாக இருக்கும். விலையோ மிகக் குறைவு. இது 165 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். இறங்கும் கருவி உரசும் சூட்டில் இதை நம்பக் கூடாது. இ.என். 1891 தரம், 195 டிகிரிக்கு மேல் உருகும் இழையையே அனுமதிக்கிறது. நம் ஊர்களில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர்கள் பிளாஸ்டிக் கயிற்றில், அதுவும் ஒற்றைக் கயிற்றில் தொங்குவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். முறையான வேலையில் இரண்டு கயிறுகள்: ஒன்று வேலைக்கு, தனியாகக் கட்டிய மற்றொன்று காப்புக்கு.

சரக்கை அடையாளம் காண்பது எப்படி? இ.என். 1891 கயிற்றின் உள்ளீட்டோடு ஒரு மெல்லிய நாடா ஓடும். அதில் தயாரிப்பாளர் பெயர், தர எண், தயாரித்த ஆண்டு, இழையின் பெயர் ஆகியவை மீண்டும் மீண்டும் அச்சாகியிருக்கும். கொள்முதல் செய்யும்போது முனையைப் பிரித்து இதைப் பார்த்துவிடுவது நல்லது. மலையேற்றக் கயிற்றில் முனைப் பட்டையில் தர எண்ணும், ஒற்றைக் கயிறானால் வட்டத்துக்குள் 1 என்ற குறியும் காணலாம்.

200 மீட்டர் சுருளிலிருந்து 30 மீட்டர் வெட்டிக் கொடுக்கும்போது முனைப் பட்டை சுருளோடு தங்கிவிடுகிறது. துண்டு அநாதையாகிவிடும். வெட்டும் ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் அந்த விவரங்களைப் பட்டையாக ஒட்டிக் கொடுங்கள். குறிப்புத் தாளின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். வெட்டுவதும் சூடான கத்தியால்தான். உறையும் உள்ளீடும் உருகி ஒட்டாவிட்டால், சட்டைக் கை போல உறை நழுவிவிடும்.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ஹார்டுவேர் கடையில் கழிவறை கழுவும் ஆசிட் கேன், பாட்டரி ஆசிட் எல்லாம் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று பாருங்கள். நைலானுக்கு அமிலம் எமன். ஆவி பட்டாலே கெடலாம்; வெளியே கறைகூடத் தெரியாமல் போகலாம். விளம்பரத்துக்காக வாசலில் வெயிலில் தொங்கவிடுவதும் கூடாது. பயன்படுத்தாமலே இருந்தாலும் பொதுவாகப் 10 ஆண்டுக்குமேல் தயாரிப்பாளர்கள் பொறுப்பேற்பதில்லை. எனவே பழைய சரக்கு முதலில் போக வேண்டும். ஆண்டு கடந்ததைத் தள்ளுபடியில் தள்ளக் கூடாது.

ஒருமுறை கடையை விட்டு வெளியே போன உறையிட்ட கயிற்றைத் திரும்ப வாங்கவும் வேண்டாம். "பிரிக்கவே இல்லை" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எந்த வண்டியில், எந்த டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதைக் கையில் தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. விற்கும்போதே பில்லில் இதை அச்சிட்டுவிட்டால் பிறகு வாக்குவாதம் இல்லை.