உழைப்பும் அழைப்பும்

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாகத் தெற்கே செல்வோர் காட்டாங்குளத்தூரில் பெரும் கல்விக்கூடங்களையும், அதனை அடுத்து மறைமலைநகர்த் தொழிற்சாலைகளையும் காண்பர். படித்தால் வேலை கிடைக்கும், உழைத்தால் உயரலாம் என்னும் நம்பிக்கையால் வளர்ந்த பகுதி இது. ஆயினும் மறைமலைநகரில் கார் செய்துவந்த ஃபோர்டு நிறுவனம் வெளியேறும் முடிவை 2021இல் அறிவித்து, 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது அந்நம்பிக்கை பல இல்லங்களில் தளர்ந்தது. இச்சூழலில் வளரும் பதின்பருவத்தினருக்கு உழைப்பைப் பற்றி வேறொரு பாடத்தைக் கைபேசி புகட்டி வருகிறது.

அப்பாடம் யாது? 2016இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஒன்லிஃபேன்ஸ் என்னும் தளத்தில், ஒருவர் தம் படங்களைச் சந்தா செலுத்துவோருக்கு விற்கலாம். ஆபாசப் படங்களே அதனைப் பெயர்பெறச் செய்தன. விற்பனையில் நூற்றுக்கு 20 பங்கைத் தளம் எடுத்துக்கொள்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு அங்கு இடமில்லை. ஆனால் அங்கே பொருளீட்டிய சிலரின் வீடும் காரும் பற்றிய பெருமைப் பேச்சு, பிற சமூக ஊடகங்கள் வழியாகச் சிறுவரின் கண்முன் வந்து நிற்கிறது. சொற்பமே ஈட்டிய பலரின் கதை அவ்வாறு வருவதில்லை. கல்வியும் பயிற்சியும் வீண், உடலே முதலீடு என்று இளம் உள்ளம் எண்ணத் தலைப்படின் அதில் வியப்பென்ன?

இந்தியச் சட்டம் இதனைத் தொழிலாக ஏற்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, இத்தகைய படங்களை வெளியிடுவோர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு ஆபாசம் காட்டிய 25 செயலிகளையும் தளங்களையும் முடக்க ஆணையிட்டது. இவை வேண்டியனவே. எனினும் சட்டம் வாயிலை அடைக்குமேயன்றி, உழைப்பின் பொருளைக் கற்பிக்காது.

அதைக் கற்பிப்பது திருச்சபையின் கடமை. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், மனிதன் பாவத்தில் விழுமுன்னரே தோட்டத்தைப் பண்படுத்தும் பணி அவனுக்கு அளிக்கப்பட்டது. ஆகவே உழைப்பு சாபமன்று. நம் ஆண்டவர் தச்சராக உழைத்தார். பவுல் கூடாரம் செய்தார். குருவின் பணி மட்டுமன்றி, செருப்புத் தைப்பவனின் பணியும் இறைவனின் அழைப்பே என்று 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் போதித்தார். அழைப்பு என்பது அயலாருக்குப் பயன்படுவது. "என் உழைப்பு யாருக்கு உதவும்?" என்று அது கேட்கிறது. "உனக்கு என்ன விலை?" என்பதே இத்தளங்களின் கேள்வி. விற்பவர் தம்மைச் சரக்காகக் காண்கிறார். பார்ப்பவரோ பிறரைச் சரக்காகக் காணப் பழகுகிறார். இவ்விரண்டாம் கேடு நம் ஆண்பிள்ளைகளை மிகுதியும் பற்றுவதை நாம் மறைத்தலாகாது.

வறுமையால் இவ்வழியில் சென்றோர்மேல் கல்லெறிய நமக்கு உரிமையில்லை. நம் பிள்ளைகளிடம் மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் மட்டுமே கேட்டுவந்த நாமும் இப்பாடத்திற்குத் துணைபோனோம் அல்லவா? திடப்படுத்தல் வகுப்புகளில் கற்பின் மேன்மையோடு உழைப்பின் மேன்மையும் போதிக்கப்படட்டும். சபையிலுள்ள செவிலியரும் ஃபிட்டரும் துப்புரவுப் பணியாளரும் அங்கே வந்து தம் வேலையைப் பற்றிப் பேசட்டும். அவர்கள் பேசுவதற்கு நம் சபைகள் இடமளிக்குமா?