மின் தானுந்துகளில் கொளுவி மிதிவண்டித் தாங்கி

கொளுவி மிதிவண்டித் தாங்கி என்பது தானுந்தின் பின்புறத்தில் உள்ள இழுவைக் கொளுவியில் பொருத்தி, மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லப் பயன்படும் ஒரு துணைக்கருவி ஆகும். ஹிட்ச் என்று அழைக்கப்படும் இக்கொளுவி முதலில் டிரெய்லர் போன்ற இழுவண்டிகளை இழுப்பதற்காக உருவானது. பின்னர் அதுவே தாங்கிகளைப் பொருத்தும் இடமாகவும் பயன்படலாயிற்று. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வகைத் தாங்கிகள் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன.

மின் தானுந்தில் இதனைப் பயன்படுத்தும்போது கொளுவியின் சுமை வரம்பு, ஒரு மின்னேற்றத்தில் ஓடக்கூடிய தொலைவு, மின்னேற்றத் துளையின் இடம் ஆகிய மூன்றும் தனிக் கவனம் பெறுகின்றன. தாங்கி கொளுவியில் பொருந்துகிறது என்பதால் மட்டும் அது அவ்வண்டிக்கு ஏற்றது என்று கொள்ள முடியாது.

அமைப்பும் வகைகளும்

வட அமெரிக்காவில் கொளுவி என்பது சதுர வடிவக் குழல் ஒன்றாகும். தாங்கியின் தண்டு இக்குழலினுள் செருகப்பட்டு, குறுக்கே ஓர் ஊசியால் பூட்டப்படுகிறது. குழலின் உள் அகலம் பொதுவாக இரண்டு அளவுகளில் அமைகிறது.

- 1¼ அங்குலம் (சுமார் 32 மில்லிமீட்டர்): சிறிய தானுந்துகளில் காணப்படும் முதலாம், இரண்டாம் வகுப்புக் கொளுவிகள்.
- 2 அங்குலம் (சுமார் 51 மில்லிமீட்டர்): பெரிய வண்டிகளில் காணப்படும் மூன்றாம் வகுப்பும் அதற்கு மேற்பட்டவையும்.

ஐரோப்பாவில் சதுரக் குழலுக்கு மாற்றாக 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டை பயன்படுகிறது. தாங்கி இவ்வுருண்டையை இறுகக் கவ்விக்கொள்கிறது. அதன் விளக்குகளுக்கான மின்னிணைப்பு 13 முனைச் செருகி வழியாகக் கிடைக்கிறது.

மிதிவண்டியைத் தாங்கும் முறையைக் கொண்டு தாங்கிகளை இரண்டாகப் பிரிக்கலாம். தொங்கு வகையில் மிதிவண்டியின் சட்டகம் இரு கைகளில் தொங்குகிறது. மேடை வகையில் மிதிவண்டியின் இரு சக்கரங்களும் தட்டுகளில் நிற்கின்றன. 20 முதல் 30 கிலோகிராம் வரை எடையுள்ள மின் மிதிவண்டிகளுக்கு மேடை வகையே ஏற்றது.

இழுவை ஒப்புதலும் தாங்கி ஒப்புதலும்

ஒரு தானுந்து இழுவண்டியை இழுக்கலாமா என்பதும், கொளுவியில் தாங்கியைச் சுமக்கலாமா என்பதும் வெவ்வேறு வினாக்கள் ஆகும். இழுக்கும்போது மின்னோடியின் திறன், குளிர்விப்பு, தடுப்புகள், நிலைத்தன்மை ஆகியவை ஆராயப்பட வேண்டும். தாங்கியைச் சுமக்கும்போது கொளுவியின் வலிமையும் பின் அச்சின் சுமை வரம்புமே முதன்மையானவை. எனவே இழுவை ஒப்புதல் இல்லாத மின் தானுந்திலும் தாங்கிக்கு ஒப்புதல் இருக்கக்கூடும்.

வோல்க்ஸ்வாகன் நிறுவனம் 2020 இல் வழங்கத் தொடங்கிய ஐடி.3 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இழுவண்டியை இழுக்க ஒப்புதல் இல்லாத இத்தானுந்துக்கு, மிதிவண்டித் தாங்கிக்கென 75 கிலோகிராம் வரை தாங்கும் கொளுவி விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. வட அமெரிக்காவில் செவ்ரோலெட் போல்ட் தானுந்துக்கும் இழுவை ஒப்புதல் இல்லை. எனினும் பிற நிறுவனங்கள் செய்த 1¼ அங்குலக் கொளுவிகளை அதில் பொருத்தி மிதிவண்டிகளை ஏற்றிச் செல்வது வழக்கமாயிற்று. 2015 இல் வெளிவந்த டெஸ்லா மாடல் எக்ஸ் இதற்கு மாறாக, 5000 பவுண்டு (சுமார் 2270 கிலோகிராம்) வரை இழுக்கும் ஒப்புதலுடன் விற்கப்பட்டது.

சுமையும் திருப்புத்திறனும்

கொளுவியின் மீது செங்குத்தாகக் கீழ்நோக்கி அமையும் சுமை தாங்கு சுமை எனப்படும். தாங்கியின் எடையும் மிதிவண்டிகளின் எடையும் இதில் அடங்கும். 25 கிலோகிராம் எடையுள்ள தாங்கியில் 25 கிலோகிராம் எடையுள்ள இரு மின் மிதிவண்டிகளை ஏற்றினால் மொத்தம் 75 கிலோகிராம் ஆகிறது. இது ஐடி.3 இன் வரம்பை முழுமையாகத் தொட்டுவிடும். மின் மிதிவண்டியின் மின்கலத்தைக் கழற்றி தானுந்தினுள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 2.5 முதல் 4 கிலோகிராம் வரை குறைக்கலாம்.

இழுவண்டியின் சுமை கொளுவியின் மீதே நேராக இறங்குகிறது. தாங்கியின் புவியீர்ப்பு மையமோ கொளுவிக்குப் பின்னால் தள்ளி அமைந்துள்ளது. இதனால் கொளுவியை வளைக்க முயலும் திருப்புத்திறன் தோன்றுகிறது. மேற்கூறிய 75 கிலோகிராம் சுமையின் மையம் கொளுவிக்கு 0.5 மீட்டர் பின்னால் இருப்பின், திருப்புத்திறன் சுமார் 368 நியூட்டன்-மீட்டர் ஆகும். குழலை நீட்டும் இணைப்பி ஒன்றைச் செருகி அத்தொலைவை 0.7 மீட்டராக்கினால், எடை மாறாமலேயே திருப்புத்திறன் சுமார் 515 நியூட்டன்-மீட்டராக உயர்கிறது. மேடு பள்ளமான சாலையில் தாங்கி மேலும் கீழும் அதிர்வதால் கணநேர விசைகள் இதனினும் பெரியவை. இக்காரணத்தால் தாங்கிக்கான வரம்பை இழுவண்டிக்கான தாங்கு சுமை வரம்பினின்றும் வேறாகப் பார்க்க வேண்டும். இரண்டும் தரப்பட்டிருப்பின் தாங்கிக்கு உரியதே கொள்ளத்தக்கது.

அச்சுகளில் சுமைப் பகிர்வு

பின் அச்சுக்கு அப்பால் வைக்கப்படும் சுமை, நெம்புகோலைப் போல் முன் அச்சைச் சற்றுத் தூக்குகிறது. அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர் உள்ள தானுந்தில், பின் அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் 75 கிலோகிராம் சுமை இருப்பதாகக் கொள்வோம். பின் அச்சின் சுமை 75 கிலோகிராம் அன்று, 112.5 கிலோகிராம் கூடுகிறது. முன் அச்சின் சுமை 37.5 கிலோகிராம் குறைகிறது. முன் சக்கரங்களால் இயங்கும் மின் தானுந்துகளில் ஈரச் சாலையில் பிடிப்புக் குறைய இது காரணமாகலாம்.

மின் தானுந்தின் மின்கல அடுக்கு பல நூறு கிலோகிராம் எடை உடையது. இதனால் பயணிகளுக்கும் பொருள்களுக்கும் எஞ்சும் எடை வரம்பு குறைவாக இருக்கக்கூடும். ஐவர் அமர்ந்து, பின்பெட்டியும் நிரம்பிய நிலையில் தாங்கியையும் சேர்த்தால், கொளுவியின் வரம்பு மீறப்படாவிடினும் பின் அச்சின் வரம்போ வண்டியின் மொத்த எடை வரம்போ மீறப்படலாம்.

காற்றுத் தடையும் ஓட்டத் தொலைவும்

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட்-மணி ஆற்றல் உள்ளது. ஆகவே 60 கிலோவாட்-மணி மின்கல அடுக்கில் உள்ள ஆற்றல் 7 லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவானது. மின்னோடியின் உயர்ந்த செயல்திறனே இச்சிறிய சேமிப்பைக் கொண்டு நெடுந்தொலைவு செல்ல வழிசெய்கிறது. எனவே காற்றுத் தடையில் ஏற்படும் சிறு உயர்வும் ஓட்டத் தொலைவில் எளிதாகத் தெரிகிறது.

காற்றுத் தடை விசை, தடைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கி வரும் தடைப் பரப்பிற்கு நேர் விகிதத்திலும், வேகத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்திலும் அமைகிறது. கூரை மீது நிற்கும் மிதிவண்டிகள் தடையற்ற காற்றோட்டத்தை நேராக எதிர்கொள்கின்றன. பின்புறத் தாங்கியில் உள்ளவை பெரும்பாலும் தானுந்தின் பின்னால் உண்டாகும் சுழல் பகுதியினுள் மறைந்துள்ளன. பக்கவாட்டில் வெளியே நீளும் சக்கரங்களும் கைப்பிடிகளுமே காற்றோட்டத்தில் கூடுதலாகப் படுகின்றன.

இவ்வேறுபாட்டை ஒரு கணக்கின் மூலம் விளக்கலாம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 18 கிலோவாட்-மணி செலவிடும் தானுந்தில் 60 கிலோவாட்-மணி மின்கல அடுக்கு உள்ளது என்க. பின்புறத் தாங்கி தடைப் பரப்பை 0.1 சதுர மீட்டரும், கூரைத் தாங்கி 0.3 சதுர மீட்டரும் கூட்டுவதாகவும், இயக்க அமைப்பின் செயல்திறன் 90 விழுக்காடு எனவும் கொண்டால் கிடைப்பவை பின்வருமாறு:

- தாங்கி இல்லாமல்: 18 கிலோவாட்-மணி, ஓட்டத் தொலைவு சுமார் 333 கிலோமீட்டர்.
- பின்புறத் தாங்கியுடன்: 19.7 கிலோவாட்-மணி, ஓட்டத் தொலைவு சுமார் 305 கிலோமீட்டர்.
- கூரைத் தாங்கியுடன்: 23.2 கிலோவாட்-மணி, ஓட்டத் தொலைவு சுமார் 259 கிலோமீட்டர்.

இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. தானுந்து, மிதிவண்டிகளின் எண்ணிக்கை, காற்றின் திசை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். வேகத்தைக் குறைத்தால் இழப்பும் குறையும். பின்புறத் தாங்கியால் கூடும் 1.7 கிலோவாட்-மணிச் செலவு, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 1.2 கிலோவாட்-மணியாகக் குறைகிறது.

முகப்புப் பலகையில் காட்டப்படும் மீதித் தொலைவு பல தானுந்துகளில் அண்மைய மின்செலவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. தாங்கியைப் பொருத்திப் புறப்படும் வேளையில் இம்மதிப்பு முந்தைய, தாங்கி இல்லாத ஓட்டத்தையே காட்டும். ஆகவே முதல் மின்னேற்ற நிறுத்தத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது நன்று.

மின்னேற்றத்தின்போது

பெட்ரோல் தானுந்தில் எழாத சிக்கல் ஒன்று இங்கே எழுகிறது. டெஸ்லா தானுந்துகளின் மின்னேற்றத் துளை இடப்பக்கப் பின்விளக்கின் அருகிலும், ஐடி.3, ஹூண்டாய் அயோனிக் 5 ஆகியவற்றில் வலப்பக்கப் பின்பகுதியிலும் அமைந்துள்ளது. இவை பின்னோக்கி வந்து நிற்க வேண்டிய மின்னேற்ற நிலையங்களில், தாங்கியின் நீளம் தானுந்தை மின்னேற்றியிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. வடம் குட்டையாயின் துளையை எட்டாது. நிசான் லீஃபின் முதல் இரு தலைமுறைகளைப் போல் துளை முன்புறத்தில் இருப்பின், முன்னோக்கி நிறுத்தித் தாங்கியைக் கழற்றாமலேயே மின்னேற்றலாம். ஆனால் தாங்கி வழியில் நீட்டிக்கொண்டிருக்கும்.

டெஸ்லாவின் தொடக்ககால விரைவு மின்னேற்ற நிலையங்களில் வடங்கள் குட்டையானவை. 2023 மார்ச்சில் நெதர்லாந்தின் ஹார்டர்வைக் நகரில் முதலில் திறக்கப்பட்ட நான்காம் பதிப்பு நிலையங்களில் நீண்ட வடங்கள் அமைக்கப்பட்டன. பக்கவாட்டில் நிறுத்தும் வகையில் அமைந்த நிலையங்களில் இச்சிக்கல் இல்லை. பிற இடங்களில் தாங்கியைக் கழற்ற நேரிடலாம். மிதிவண்டிகளுடன் சாயும் தாங்கி பின்கதவைத் திறக்க உதவுமே அன்றி, தானுந்தின் நீளத்தைக் குறைக்காது.

விளக்குகளும் உணரிகளும்

மின் தானுந்தில் முடுக்கு மிதியிலிருந்து காலை எடுத்தாலே மின்னோடி மின்னாக்கியாக மாறி வேகத்தைக் குறைக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் ஒழுங்குவிதியின்படி, இவ்வாறான வேகக்குறைப்பு ஒரு வினாடி வர்க்கத்திற்கு 1.3 மீட்டருக்கு மேற்படின் தடுப்பு விளக்கு எரிய வேண்டும். மிதிவண்டிகள் இவ்விளக்கை மறைத்தால், பின்னால் வருவோர் எச்சரிக்கையின்றி நெருங்கிவிடக்கூடும். எனவே விளக்குப் பலகை உள்ள தாங்கியே பாதுகாப்பானது. ஜெர்மனி, பிரித்தானியா முதலிய நாடுகளில் தாங்கி பதிவெண் பலகையை மறைத்தால், அதே எண்ணைத் தாங்கியிலும் காட்ட வேண்டும்.

பின்புற உணரிகள் தாங்கியையே தடையாகக் கருதி ஒலியெழுப்பலாம். தானியங்கித் தடுப்பும் இயங்கலாம். தாங்கியின் செருகி இணைக்கப்பட்டவுடன் பல ஐரோப்பியத் தானுந்துகள் இவ்வுணரிகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. மின்விசையால் திறக்கும் பின்கதவு மிதிவண்டியில் மோதாதவாறு அதையும் நிறுத்திவைக்க வேண்டும்.

கொளுவியைப் பிற்பாடு பொருத்துதல்

ஆலையில் கொளுவி பொருத்தப்படாத தானுந்துக்குப் பிற்பாடு பொருத்தும்போது, அடிப்புறக் காற்றியக்கத் தகடுகளை வெட்ட வேண்டியிருக்கலாம். சில வண்டிகளில் பம்பரின் உள் உத்தரத்தையே மாற்ற நேரிடுகிறது. அடிப்பகுதியில் மின்கல அடுக்கும் உயர் மின்னழுத்த வடங்களும் உள்ளன. இவ்வடங்கள் செம்மஞ்சள் நிற உறையால் அடையாளம் காட்டப்படுகின்றன. இவற்றின் அருகே துளையிடுவது உயிருக்கு ஆபத்தானது. ஆகவே இப்பணி பயிற்சி பெற்றவர்களால் மட்டுமே செய்யப்பட வேண்டும்.

நன்மைகளும் குறைகளும்

கூரையை விடத் தாழ்ந்த உயரத்தில் இருப்பதால் கனமான மிதிவண்டிகளை எளிதாக ஏற்றலாம். தாழ்ந்த நுழைவாயில்களில் மோதும் அச்சம் இல்லை. மின் தானுந்தில் புகைபோக்கி இல்லாததால், சூடான புகையால் மிதிவண்டிச் சக்கரம் உருகும் சிக்கலும் இல்லை. மறுபுறம், தானுந்தின் நீளம் கூடுகிறது. பின்புறப் பார்வை குறைகிறது. பின்னால் மோதும் விபத்தில் மிதிவண்டிகளே முதலில் சேதமடைகின்றன. பயன்படுத்தாத நாட்களில் தாங்கியைக் கழற்றி வைத்தால் இழந்த ஓட்டத் தொலைவு மீளக் கிடைக்கும்.

இவற்றையும் பார்க்க

- மின் தானுந்து
- மிதிவண்டி
- மின் மிதிவண்டி
- காற்றியக்கவியல்
- நெம்புகோல்