மூச்சுவிடும் பொருளுக்கு ஒரு பொறியியல்

விவசாயப் பொறியியல் என்றதும் பலருக்கும் உழவு இயந்திரம்தான் நினைவுக்கு வரும். லேண்ட்மாஸ்டர் பழுதுபார்க்கப் பட்டப்படிப்பு எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. ஆனால் நீர்ப்பாசனம், வடிகால், மண்ணரிப்புத் தடுப்பு, பண்ணை இயந்திரங்கள், அறுவடைக்குப் பின்னான உலர்த்தல், களஞ்சியப்படுத்தல் எல்லாமே இந்தத் துறைக்குள் அடங்கும். 1907இல் தொடங்கிய அமெரிக்க விவசாயப் பொறியியலாளர் சங்கம் 2005இல் தன் பெயரிலேயே உயிரியலையும் சேர்த்துக்கொண்டது. அதற்குத் தகுந்த காரணம் உண்டு. இரும்பும் கொங்கிறீட்டும் இட்ட இடத்தில் இட்டபடி கிடக்கும். கிள்ளிய கொழுந்தும் அறுத்த நெல்லும் அப்படிக் கிடப்பதில்லை. செடியைப் பிரிந்த பிறகும் அவை சுவாசிக்கின்றன, வெப்பத்தை வெளிவிடுகின்றன, நீரை இழக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் மற்ற இடங்களிலும் இந்தப் பாடம் அந்த உயிரிலிருந்தே தொடங்க வேண்டும், இயந்திரம் அதற்குப் பிறகே வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளே இதற்குப் போதுமான பாடசாலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர, ஹேவாஹெட்டைப் பக்கம்தான் இருக்கிறது. கலஹா, ஹந்தானைப் பக்கங்களிலும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. ஒரு தேயிலை ஸ்டோருக்குள் மாணவரை அழைத்துச் சென்றால் முதலில் காட்ட வேண்டியது ரோலரை அல்ல, வாட்டும் தொட்டியை. நீண்ட தொட்டியின் கம்பிவலைமேல் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து மின்விசிறியால் பல மணி நேரம் காற்றை ஊதுகிறார்கள். அதற்கு முன்பே சாக்கில் அடைத்து அழுத்திய கொழுந்து தன் சுவாச வெப்பத்தாலேயே சூடேறிச் சிவந்துவிட்டால், எத்தனை நல்ல இயந்திரமும் அந்தத் தேநீரைக் காப்பாற்றாது. வெயில் நாளில் போதுமான காற்று, அடைமழை நாளில் போதாது. ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்த காற்று இலையின் ஈரத்தை எப்படி வாங்கும்? அப்போது சூடான காற்றைக் கலக்க வேண்டும், ஆனால் இலை கருகக் கூடாது. விசிறியின் குதிரைவலுவைத் தீர்மானிக்க வந்த மாணவர் இலையின் உடலியலையும் ஈரக்காற்றின் இயற்பியலையும் சேர்த்துப் படித்தாக வேண்டிய இடம் இது.

இதற்கு எழும் முதல் மறுப்பு கணிதத்தைப் பற்றியது. பொறியியல் பீடத்துக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம் கட்டாயம். விவசாய பீடத்துக்கு வருவோரில் பெரும்பாலானோர் உயிரியல் பிரிவினர். உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் இவர்களுக்குக் கணக்கு எப்போது வரும் என்ற கேள்வி நியாயமானது. கணக்கைக் குறைக்கச் சொல்லவில்லை. அது வரும் வாசலை மாற்றச் சொல்கிறேன். 22 சதவீத ஈரத்துடன் அறுத்த 1000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் எவ்வளவு நீர் போகும் என்று கேட்டால் 80 கிலோ என்ற பதில் சட்டென்று வரும். அது பிழை. நெல்லில் உள்ள உலர்பொருள் 780 கிலோ, அது மாறாது. அந்த 780 கிலோ மொத்தத்தில் 86 சதவீதமாக வேண்டுமானால் மொத்த எடை ஏறத்தாழ 907 கிலோவாக வேண்டும். போன நீர் 93 கிலோ. இந்த 13 கிலோ வித்தியாசம் விறகுச் செலவிலும், விற்கும் எடையிலும், விவசாயியின் கையில் சேரும் பணத்திலும் தெரியும். அதைக் கண்ட மாணவர், மணிக்கு மணி ஈரம் குறையும் வேகம் ஏன் தளர்கிறது என்று தானே கேட்பார். வகையீட்டுச் சமன்பாட்டை அப்போது கரும்பலகையில் எழுதினால் அது அவருடைய கேள்விக்கான விடையாக இருக்கும்.

மண்ணுக்கும் இது பொருந்தும். பேராதனைப் பொறியியல் பீடத்தின் பீடாதிபதியாகவும் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த பேராசிரியர் அழகையா துரைராஜா, 1963இல் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு ஆகியோருடன் களிமண்ணின் நெகிழ்வைப் பற்றி எழுதிய ஆய்வு உலகெங்கும் மண் இயக்கவியலின் அடிப்படைகளில் ஒன்று. ஆனால் மண்ணிடம் எதிர்பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறும். வீதி போடுகிறவருக்கு இறுகிய மண் வேண்டும். மரக்கறி நடுகிறவருக்கு வேர் இறங்கும் இளகிய மண் வேண்டும். நெல் வயலுக்கோ இரண்டுமே வேண்டும்: மேலே சேறு, அடியில் நீர் கீழிறங்காமல் தாங்கும் இறுகிய படை. பாரமான அறுவடை இயந்திரம் ஈரவயலில் இறங்கி அந்தப் படையைக் கிழித்தால் அடுத்த போகத்தில் தண்ணீர் நிற்காது. மேட்டுநிலத்தில் சரிவுக்குக் குறுக்கே வரம்பு கட்டாமல் உருளைக்கிழங்கு போட்டால், அடித்துச் செல்லப்படும் மண் மகாவலியில் இறங்கி, உக்குவளைச் சுரங்கத்துக்கு நீரைத் திருப்பும் பொல்கொல்லை அணைக்கட்டின் பின்னால் படியும். அணையைத் தெரிந்தவருக்குத் தோட்டம் தெரிவதில்லை, தோட்டத்தைத் தெரிந்தவருக்கு அணை தெரிவதில்லை. இரண்டையும் ஒரே சரிவாகப் பார்க்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பின் வேலை.

இயந்திரங்களை எப்படியும் இறக்குமதிதானே செய்கிறோம், பொறியியலாளர் எதற்கு என்பது இன்னொரு வாதம். அதற்கு 2011 டிசம்பரில் நடந்ததைப் பார்க்கலாம். மரக்கறிகளைச் சாக்குகளில் திணிக்காமல் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. நசுங்கி அழுகுவதைக் குறைக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் தம்புள்ளையில் பெரும் எதிர்ப்புக் கிளம்ப, விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. லொறியில் ஏறும் எடை கூடைகளால் குறைகிறது. வெறுங்கூடைகள் திரும்பும் வழியிலும் இடத்தை அடைக்கின்றன. வாங்கும் செலவு யாருடையது, கழுவுவது யார், தொலைந்தால் பொறுப்பு யார்? கூடை சரியான கருவி. அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு வடிவமைக்கப்படவில்லை. கருவியைக் கப்பலில் இறக்கலாம், அது நம் சந்தையிலும் சரிவிலும் எப்படி ஓடும் என்பதை யாரும் பெட்டியில் போட்டு அனுப்பமாட்டார்கள்.

களத்துக்குப் போக நேரமும் பணமும் இல்லை என்பார்கள். மஹ இலுப்பள்ளம வரை போவதற்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் விவசாய நிலையங்கள் உள்ள கன்னொறுவை பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, குண்டசாலையும் அதிக தொலைவில் இல்லை. இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. புள்ளி வழங்கும் முறைதான் தடையாக நிற்கிறது. எழுத்துப் பரீட்சைக்கே பெரும்பங்கு புள்ளி கிடைக்கும்வரை மாணவர் நூலகத்தை விட்டு நகரமாட்டார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கான புள்ளியில் ஒரு பங்கையாவது அந்தக் கருவியைப் பயன்படுத்தப்போகிறவர்களின் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். கொழுந்துப் பாரத்தைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் தோட்டப் பெண்ணின் கழுத்துக்கும் முதுகுக்கும் ஏற்ற ஒரு சுமைப் பட்டியை மாணவர் வடிவமைத்தால், அதை அந்தப் பெண் ஒரு முழு நாள், மழையிலும், மலையில் அணிந்து பார்க்கட்டும். அவர் தமிழில் சொல்லும் குறைகளை மாணவர் கேட்டு, எழுதி, ஆங்கிலத்தில் சமர்ப்பிக்கும் அறிக்கையில் ஒன்றுவிடாமல் சேர்க்கட்டும். பட்டி எங்கே அறுக்கிறது, கூடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் சொல்வதற்கும் பரீட்சகர் புள்ளி போடட்டும்.