பண்டிகைக் கட்டாயமும் நியூயார்க் கடைப் பெண்களும்

பண்டிகை நெருங்குகிறதென்றால் குழந்தைகள் நாளை எண்ணுகிறார்கள். குடும்பத் தலைவர்கள் காசை எண்ணுகிறார்கள். துணி எடுக்க வேண்டும், பலகாரம் செய்ய வேண்டும், வருவோர்க்கு விருந்து வைக்க வேண்டும், உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உறையில் பணம் போட்டுக் கொடுக்க வேண்டும். இத்தனை ‘வேண்டும்’களையும் விதித்தவர் யார் என்று கேட்டால் எவராலும் ஒருவரைச் சுட்டிக்காட்ட இயலாது. “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்பதே விடையாக வரும். அந்த நாலு பேரும் தத்தம் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

இவ்வகைக் கட்டாயத்தின் இயல்பை முதன்முதலாக முறைப்படி ஆராய்ந்தவர்களுள் பிரெஞ்சு நாட்டு அறிஞர் மார்செல் மோஸ் குறிப்பிடத்தக்கவர். கொடையைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1925இல் வெளிவந்தது. கொடை என்பது மனம் உவந்து அளிப்பது போல் தோன்றினாலும், அதனுள் மூன்று கடமைகள் மறைந்து நிற்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. கொடுத்தே ஆக வேண்டும்; கொடுத்ததை ஏற்றே ஆக வேண்டும்; ஏற்றதற்கு ஈடு செய்தே ஆக வேண்டும். இம்மூன்றில் எதனைத் தவறவிட்டாலும் மனிதன் மதிப்பை இழக்கிறான். கல்யாண வீட்டில் மொய் எழுதும் நோட்டைப் பார்த்தவர்களுக்கு மோஸ் சொல்வது புதிதாக இராது. கடன் கொடுத்தவன் வட்டி கேட்கிறான். மொய் கொடுத்தவன் வாய் திறந்து கேட்பதில்லை. ஆயினும் கணக்கு இருவரிடமும் உண்டு.

சமமானவர்களுக்கிடையே நிகழும் வரையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் உறவை வளர்க்கும் என்றே கொள்ளலாம். கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் கொடுக்க நேரும்போதுதான் அதன் தன்மை மாறிவிடுகிறது. அப்பொழுது அது கொடையன்று, வரி. கேட்காமலே வசூலாகும் வரியாதலால் அதனை எதிர்த்து முறையிடவும் இடமில்லை. இதனை நன்கு உணர்ந்து, அதற்கு ஒரு வழியும் கண்டவர்கள் அமெரிக்க நாட்டில் நியூயார்க் நகரத்துக் கடைகளில் வேலை செய்த பெண்கள். ஆண்டு 1912.

கிறிஸ்துமஸ் பண்டிகை அந்நாட்டில் எக்காலத்தும் இன்றுள்ளது போல் இருந்ததில்லை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், ஆட்சியிலிருந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் 1659இல் அப்பண்டிகையைக் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே செய்தனர். அச்சட்டம் 1681இல் நீக்கப்பட்டது. 1870இல்தான் மத்திய அரசு கிறிஸ்துமஸை விடுமுறை நாளாக அறிவித்தது. அதன்பின் பல அடுக்குப் பெருங்கடைகள் தோன்றின. ஆலைகளில் செய்த பொருள்கள் குவிந்தன. வீட்டில் கையால் செய்து கொடுத்த சிறு பரிசுகளின் இடத்தைக் கடையில் வாங்கிய பரிசுகள் பிடித்துக்கொண்டன. கொண்டாடினால் அபராதம் என்ற காலம் போய், கொண்டாடாவிட்டால் அபராதம் என்னும் காலம் வந்தது. பின்னதைச் சட்டம் விதிக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

அப்பெருங்கடைகளில் பொருள் எடுத்துக் காட்டி விற்றவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். வாரக் கூலி எட்டு டாலரைக்கூடத் தொடாதவர்கள் அவர்களில் பலர். டிசம்பர் மாதத்தில் இரவு நெடுநேரம் வரை நின்றுகொண்டே வேலை. இந்த உழைப்புக்கு நடுவே, தங்களை மேற்பார்க்கும் அதிகாரிகளுக்கு, நம் தோட்டத்து மண்டோர்களைப் போன்றவர்களுக்கு, பரிசு வாங்க அவர்கள் பணம் போட வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. சிலருக்கு அது இரண்டு வாரக் கூலியையே விழுங்கியதாம். கொடுக்க மறுத்தால் வேலை போய்விடும் என்று எவரும் சொன்னதில்லை. எவரும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

இந்நிலை வெளிப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. உழைக்கும் பெண்கள் கோடையில் சில நாள் ஓய்வெடுக்க வாரந்தோறும் சிறிது சேமிக்கட்டும் என்று 1911இல் நியூயார்க்கில் ஒரு சேமிப்பு நிதி தொடங்கப்பட்டது. முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் ஆன் மார்கன். பெரும் வங்கிச் செல்வர் ஜே. பி. மார்கனின் மகள். சட்டை தைக்கும் ஆலைப் பெண்கள் 1909இல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தின்போது அவர்களுக்குத் துணை நின்றவர். மற்றொருவர் எலினர் ராப்சன் பெல்மான்ட். நாடக மேடையில் புகழ் பெற்று, பின்னர் செல்வர் குடும்பத்தில் மணம் புரிந்தவர். பெண்கள் ஆர்வத்துடன் சேமிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பணத்துக்கு டிசம்பர் எமனாக நின்றது. சிக்கனத்தைப் போதித்தால் போதும் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அப்பெண்களுக்குச் சிக்கனம் தெரியாமல் இல்லை. மறுப்பதற்கு வழிதான் தெரியவில்லை.

ஆகவே 1912 நவம்பரில் ‘பயனற்ற ஈகைத் தடுப்புச் சங்கம்’ தோன்றியது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து மக்கள் அதனை ‘ஸ்பக்’ என்று அழைத்தனர். பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் பெயரை ஒத்திருந்ததால் சிரிப்புக்கும் குறைவில்லை. உறுப்பினர் கட்டணம் பத்து சென்ட். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னமும் கிடைத்தது.

இந்தச் சின்னம் என்ன செய்தது? தனியாக ஒருத்தி “நான் பணம் போட மாட்டேன்” என்றால் அவள் கஞ்சி, நன்றி கெட்டவள், அதிகாரியின் பகையைத் தேடிக்கொள்பவள். அதே சொல்லைச் சங்கத்தின் உறுப்பினர் என்ற முறையில் சொன்னால் அது கொள்கையாகிவிடுகிறது. அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், சின்னமே பேசும். பக்கத்தில் நிற்பவளும் அதனை அணிந்திருந்தால் யாரைத் தனித்துக் கோபிப்பது? வழக்கத்துக்கு உயிர் கொடுப்பது ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்னும் நம்பிக்கை. எல்லோரும் செய்யவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்த கணமே அதன் பிடி தளர்ந்துவிடுகிறது.

சங்கம் பண்டிகைக்கு எதிரானதன்று. அன்போடு கொடுப்பதை அது தடுக்கவில்லை. அன்பில்லாத இடத்தில் அஞ்சிக் கொடுப்பதையே தடுத்தது. இதனைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. ‘பயனற்ற’ என்னும் சொல் கேட்போர் காதில் கடுமையாக ஒலித்ததே காரணம் என்று கருதலாம். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் உறுப்பினராகச் சேர்ந்தபின் பத்திரிகைகள் சங்கத்தைப் பற்றி மேலும் எழுதின. கூலி குறைந்த கடைப் பெண்ணின் குறை, ஒரு பெரிய மனிதர் சின்னம் குத்திக்கொண்ட பிறகுதான் செய்தியாகிறது. உலக வழக்கம் அப்படி.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. 1899இல் அமைந்த தேசிய நுகர்வோர் கழகத்தின் செயலாளர் ஃபிளாரன்ஸ் கெல்லி, “பரிசுகளை முன்கூட்டியே வாங்குங்கள்” என்று மக்களை வேண்டினார். கடைசி வாரத்து நெரிசலால் கடைப் பெண்களும் சிறுவர்களும் நள்ளிரவு வரை வதைபடுவதைக் குறைப்பதே அவர் நோக்கம். பின்னாளில் அந்த வேண்டுகோளை வணிகர்களே எடுத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே வாங்கச் சொல்லும் விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. யாருடைய கால் வலிக்காக அது பிறந்தது என்பது அவற்றில் இல்லை.

ஸ்பக் சங்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் மக்கள் கவனம் வேறு பக்கம் திரும்ப, அதுவும் மங்கி மறைந்தது. நிலைத்தது வேறொன்று. பென்சில்வேனியாவில் ஒரு வங்கி 1909இல் தொடங்கிய ‘கிறிஸ்துமஸ் சேமிப்பு’ முறை நாடெங்கும் பரவியது. வாரம் ஒரு சிறு தொகை கட்டி, டிசம்பருக்கு முன் மொத்தமாகப் பெறுவது அது. நம் நாட்டுப் பெண்கள் பிடித்த ‘கூட்டு’ இதற்குத் தொலைவானதன்று. தீபாவளிக்கு முந்திய முறையைப் பெறுவதற்கு எத்தனை போட்டி இருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதைத் தடுக்க மலேசியாவில் 1971இல் சட்டமும் வந்தது. சேமிப்பு கடனிலிருந்து காக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் செலவின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது நாலு பேரிடமே விட்டுவிடுகிறது. சேர்த்தது கூடினால் எதிர்பார்ப்பும் கூடுகிறது.

கொடுத்த பொருளின் பயனையும் சிறிது பார்க்க வேண்டும். ஜோயல் வால்ட்ஃபோகல் என்னும் பொருளியல் அறிஞர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களிடம், கிடைத்த பரிசுகளுக்குத் தாங்களாகவே என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்று கேட்டுக் கணக்கிட்டார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்பது அவர் கண்ட கணக்கு. பெற்றவரை நன்கு அறிந்தவர் கொடுத்தால் வீண் குறைவு. தொலைவில் உள்ளவர் கடமைக்குக் கொடுத்தால் அதிகம். அன்புக்கு விலை உண்டா என்று இதனை மறுப்போர் உண்டு. அந்த மறுப்பு அன்பிருக்கும் இடத்துக்குப் பொருந்தும்.

தீபாவளி காலையில் துரை பங்களாவுக்கு மாலையும் பழத்தட்டும் கொண்டு போகும் வழக்கம் நம் தோட்டங்களிலும் இருந்ததுண்டு. கிராணிக்கும் மண்டோருக்கும் தனித்தனியே மரியாதை செய்ததும் உண்டு. அவர்களுள் தட்டைத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்த நல்லவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தொழிலாளியின் பாதுகாப்பு மேலதிகாரியின் நற்குணத்தை நம்பி நிற்பது உறுதியான ஏற்பாடன்று.

அமெரிக்க அரசு இதை முன்னரே உணர்ந்திருந்தது. கிறிஸ்துமஸை விடுமுறையாக்கிய அதே 1870ஆம் ஆண்டில்தான், அரசு ஊழியர்கள் மேலதிகாரிக்குப் பரிசு கொடுப்பதையும் அதற்காகப் பிறரிடம் பணம் திரட்டுவதையும் தடுக்கும் சட்டமும் அங்கு இயற்றப்பட்டது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது. பண்டிகை போன்ற சமயங்களில் 10 டாலருக்கு மேற்படாத பொருளுக்கு மட்டும் இப்போதைய விதிகள் விலக்கு அளிக்கின்றன. பணமாகக் கொடுக்க அந்த விலக்கிலும் இடமில்லை. ஆனால் அது அரசு ஊழியருக்கான சட்டம். 1912இல் கடைப் பெண்களுக்கு அது பொருந்தவில்லை. தனியார் கடைகளில் அந்தந்த முதலாளி வைத்ததே விதியாக இன்றும் இருந்து வருகிறது.